மரத்துக்கும் சாதி வைத்தவர்கள்

இந்தியக் கடற்படை ஒரு கப்பல் கட்டியிருக்கிறது. ஐந்தாம் நூற்றாண்டு அஜந்தா ஓவியத்தில் உள்ள கப்பலைப் பார்த்து, பலகையோடு பலகையைத் தென்னை நார்க் கயிற்றால் தைத்துக் கட்டியது. பாபு சங்கரன் என்ற மூத்த கைவினைஞரின் தலைமையில் கேரளத் தொழிலாளர்கள் தைத்தார்கள். 2025 மே மாதம் கார்வாரில் அதைக் கடற்படையில் சேர்த்தார்கள். வைத்த பெயர் 'கௌண்டின்யா'.

யார் இந்தக் கௌண்டின்யன்? கடல் கடந்து மீகாங் ஆற்றுப் பகுதிக்குப் போய், அங்கே சோமா என்ற இளவரசியை மணந்து அரசு அமைத்ததாகக் கதையில் வரும் பார்ப்பனர். தைத்தது ஒருவர் கை, பெயர் இன்னொருவருக்கு. இது நமக்குப் பழகிப்போனதுதான். ஆனால் கடற்பயணத்துக்குப் பார்ப்பனர் பெயரை வைக்கும் துணிச்சலைத்தான் பாராட்ட வேண்டும். போதாயன தர்மசூத்திரம், சாதியை இழக்கச் செய்யும் பாவங்களின் பட்டியலைக் கடற்பயணத்தில் இருந்துதான் தொடங்குகிறது. கடலில் போனவனைச் சிராத்தத்துக்கு அழைக்காதே என்கிறது மனு. 1888இல் லண்டனுக்குக் கப்பலேறிய காந்தியை அவருடைய மோத் பனியா சாதி தள்ளி வைத்தது. கடலைத் தொட்டால் தீட்டு என்றவர்களுக்கு இன்று கடலே பரம்பரைச் சொத்து!

இந்தக் கப்பலின் படத்தை எனக்கு அனுப்பிய நண்பர் ஒருவர், "உங்க குலத்தொழிலுக்குக் கிடைச்ச பெருமை" என்று கீழே எழுதியிருந்தார். நான் தூத்துக்குடியில் ஒரு தோணிப் பட்டறையின் வாசலில் வளர்ந்தவன். அவருக்கான பதில்தான் இது.

என் அப்பா அந்தப் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் பெரிய தோணிகள் அங்கே கட்டினார்கள், பழுது பார்த்தார்கள். அப்பா முதலில் மரம் அறுக்கிற ஆளாகச் சேர்ந்தார். மின்சார ரம்பம் வராத காலம். குழியின் மேல் மரத்தைக் கிடத்தி, மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று ரம்பம் இழுக்க வேண்டும். மேலே நிற்பவர்தான் கோடு பார்ப்பார். கீழே நிற்பவர் கண்ணிலும் மூக்கிலும் மரத்தூள் கொட்டும். எங்கள் சேரியில் இருந்து போனவர்கள் எல்லோரும் கீழேதான். ஒருநாள்கூட அப்பாவை மேலே ஏறச் சொன்னதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "கோடு பாக்கத் தெரியணும்லா" என்றார்களாம். மேலே ஏறாமல் கோடு பார்க்கத் தெரிவது எப்படி?

பட்டறையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு தோணி எப்படி உருவாகிறது என்று சொல்ல வேண்டும். முதலில் அடிக்கட்டை. ஏரா என்பார்கள். அதன் இரு முனையிலும் அணியமும் பின்புறமும் எழும். பிறகு பலகை, வங்கு. வங்கு என்றால் தோணியின் விலா எலும்பு. அதற்கு நேரான மரம் உதவாது. பிறக்கும்போதே வளைந்து வளர்ந்த நாட்டுக் கருவேலம், வேம்பு, பூவரசு மரங்களை ஊர் ஊராகத் தேடி வாங்கி வருவார்கள். வேறு எதற்கும் ஆகாது என்று விறகுக்கு வைத்த கோணல் கிளைதான் அங்கே விலை போகும். அடிக்கட்டைக்கு இலுப்பை, பலகைக்குத் தேக்கு அல்லது அயினி. பலகையை நீர் தெளித்துத் தெளித்து நெருப்பில் வாட்டி, வளைவுக்கு இழுத்துக் கட்டி, ஆணி அடிப்பார்கள். வரைபடம் எதுவும் கிடையாது. ஏராவின் நீளத்தைச் சொன்னால் மற்ற அளவெல்லாம் மேஸ்திரியின் மனக்கணக்கில் வந்துவிடும்.

எல்லாம் முடிந்த பிறகுதான் கலப்பத்து. பலகைக்கும் பலகைக்கும் நடுவே உள்ள இடுக்கில் எண்ணெயில் தோய்த்த பஞ்சுத் திரியை வைத்து, உளியால் கொட்டாப்புளி கொண்டு அடித்து இறுக்குவது. மேலே குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சிப் பூசுவார்கள். போர்ச்சுகீசியர் வாயில் இருந்து வந்த சொல் இது. இந்த வேலை சரியில்லை என்றால் எவ்வளவு உயர்ந்த தேக்கும் தண்ணீருக்குள்தான். தோணிக்கு அடியில் மல்லாந்து படுத்தும் குனிந்தும் நாள் முழுக்க அடிக்க வேண்டும். எண்ணெய் முகத்தில் சொட்டும். பின்னாளில் அப்பாவுக்குக் கொடுத்தது இந்த வேலையைத்தான். அந்தப் பஞ்சுத் திரியை எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திரித்தவர் அம்மா. ஆனால் அம்மா எந்தத் தோணியிலும் கால் வைத்ததில்லை. பெண் மிதித்தால் தோணிக்கு ஆகாதாம். அவர் திரித்த பஞ்சு மட்டும் ஆகும்.

இப்போது நம் பெருமைமிகு சாத்திரத்துக்கு வருவோம். 'யுக்தி கல்பதரு' என்று ஒரு சமஸ்கிருத நூல். பதினோராம் நூற்றாண்டுப் போஜ மன்னன் பெயரில் வழங்குவது. பழங்கால இந்தியக் கப்பற்கலைக்குச் சான்று என்று ராதா குமுத் முகர்ஜி 1912இல் எழுதிய நூல் முதல் இன்றுவரை பெருமையோடு காட்டப்படுவது. அதில் மரங்களுக்கு வருணம் பிரித்திருக்கிறார்கள். லேசாகவும் மென்மையாகவும், எதனோடும் எளிதில் இணைவதாகவும் இருந்தால் பிராமண மரம். லேசாகவும் கடினமாகவும் இருந்தால் சத்திரிய மரம். மென்மையும் கனமும் சேர்ந்தால் வைசியம். கடினமும் கனமும் சேர்ந்தால் சூத்திரம். சத்திரிய மரத்தில் கட்டிய கப்பலே செல்வமும் சுகமும் தருமாம். இரண்டு சாதி மரங்களைக் கலந்து கட்டினால் அந்தக் கப்பல் நிலைக்காதாம், தண்ணீரில் அழுகி, சிறு அதிர்ச்சியிலேயே பிளந்து மூழ்கிவிடுமாம்.

மனிதரில் கலப்பு மணம் கூடாது என்று சொன்ன அதே மூளை, வெட்டிப் போட்ட கட்டையிலும் கலப்பு கூடாது என்கிறது. இதை எழுதியவர் ஒருநாளாவது ஒரு பட்டறையில் நின்றிருப்பாரா என்பது என் ஐயம். ஒரே வகை மரத்தில் கட்டிய தோணியை எங்கள் பட்டறையில் நான் பார்த்ததே இல்லை. இலுப்பையின் மேல் கருவேலம், கருவேலத்தின் மேல் அயினி, அதன் நடுவே பருத்தி, அதன் மேல் குங்கிலியம். ஒவ்வொன்றும் தண்ணீரில் ஒவ்வொரு விதமாக உப்பும், வெயிலில் ஒவ்வொரு விதமாகச் சுருங்கும். அந்த வேறுபாட்டைக் கணக்குப் போட்டுச் சேர்ப்பதுதான் அந்தத் தொழிலின் அறிவே. சாத்திரம் மூழ்கும் என்று சொன்ன கலப்புத் தோணிகள்தான் மாலத்தீவுக்குப் போய்த் திரும்பி வந்தன.

ஆனால் மரத்தைக் கலந்தவர்கள் மனிதரைக் கலக்கவில்லை. இதைச் சொல்லாமல் பட்டறையைப் புகழ்ந்துவிட்டுப் போக என்னால் முடியாது. ஏரா வைக்கும் நாளில் தேங்காய் உடைத்துச் சாம்பிராணி போடுவார்கள். அன்று மட்டும் எங்கள் ஆட்கள் கயிற்றுக்கு வெளியே நிற்பார்கள். தோணியை உருளைகள் மேல் ஏற்றிக் கடலுக்கு இழுக்கும் நாளில் தோள் கொடுக்க முதலில் கூப்பிடுவதும் எங்களைத்தான். அளவுக் கணக்கு மேஸ்திரியின் தங்கை மகனுக்குப் போனது. அவனுக்கு அந்த வேலையில் விருப்பமே இல்லை. அப்பாவுக்குத்தான் இருந்தது. வங்குக்கு வைக்கும் அச்சுகளைத் தூக்கிக் கொடுக்கும்போதே பார்த்துப் பார்த்து அந்தக் கணக்கைப் பிடித்துவிட்டார். இரவில் எங்கள் வீட்டுச் சுவரில் கரிக்கட்டியால் வளைவு வளைவாக வரைவார். சுண்ணாம்பு அடித்த சுவரைக் கெடுக்கிறார் என்று அம்மா திட்டுவார்.

ஒரு தடைக்காலத்தில் நடந்தது இது. ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. முன்பு 45 நாள், 2017 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பட்டறைக்கு அப்போதுதான் மூச்சுவிட முடியாத வேலை. கரையேற்றிய படகு ஒன்றில் எங்கே நீர் கசிகிறது என்று மூன்று நாளாக யாருக்கும் பிடிபடவில்லை. அப்பா கொட்டாப்புளியால் பலகை பலகையாகத் தட்டிக் காது வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். ஓர் இடத்தில் நின்று, "இதுக்குள்ள செத்துப் போச்சு" என்றார். பலகையைப் பிரித்தால் உள்ளே வங்கு அரித்துக் கிடந்தது. மேஸ்திரி பாராட்டவில்லை. "ஏலே, உனக்கு எப்படிலே தெரியும்?" என்றார். முப்பது ஆண்டு வேலை பார்த்தவனிடம் கேட்கிற கேள்வி இது.

இதனால்தான் 'குலத்தொழில்', 'பாரம்பரியம்' என்ற சொற்களைக் கேட்டால் எனக்கு எரிகிறது. ஒன்றிய அரசு 2023 செப்டம்பரில் 'பிஎம் விஸ்வகர்மா' திட்டத்தைக் கொண்டுவந்தது. 18 தொழில்கள். தச்சருக்கு அடுத்து படகு கட்டுபவர். பயிற்சியின்போது நாளுக்கு 500 ரூபாய், கருவிக்கு 15,000 ரூபாய், 5 விழுக்காடு வட்டியில் முதலில் 1 லட்சமும் பிறகு 2 லட்சமும் கடன். வயது 18 நிறைந்தால் போதும். தொழில் மட்டும் குடும்பவழிப் பாரம்பரியத் தொழிலாக இருக்க வேண்டும். எல்லாச் சாதியினரும் சேரலாமே என்று வாதாடுகிறார்கள். சேரலாம், அவரவர் அப்பன் தொழிலில்! கல்லூரிக்குப் போக வேண்டிய பதினெட்டு வயதில் உளியைக் கையில் கொடுத்து ஊக்கத்தொகையும் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? 1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில் என்றார். பெரியார் தெருவில் இறங்கினார். 1954இல் ராஜாஜி பதவியை விட்டுப் போனார், திட்டமும் போனது. இப்போது அதே சரக்கு வேறு சாக்கில் வந்திருக்கிறது.

குடும்பத் தொழிலாக இருக்க வேண்டும் என்ற விதியை நீக்கு, வயதை 35 ஆக்கு என்று தமிழ்நாடு அரசு கேட்டது. ஒன்றிய அரசு இணங்கவில்லை. இந்த வடிவில் திட்டத்தைச் செயல்படுத்த மாட்டோம் என்று 2024 நவம்பரில் முதல்வர் எழுதினார். 2025 ஏப்ரலில் 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் வந்தது. வயது 35, குடும்பத் தொழில் நிபந்தனை கிடையாது. வரவேற்கிறேன். ஆனால் கடனும் மானியமும் தொழில் வைத்திருப்பவருக்கு உதவும். குழிக்குள் நின்று ரம்பம் இழுத்தவருக்கு அதில் என்ன இருக்கிறது? என் அப்பா இன்று உயிரோடு இருந்து விண்ணப்பித்தால், ஒன்றிய அரசின் கணக்கில் அவர் படகு கட்டும் குடும்பமே இல்லை. அவருடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர்.

மரத் தோணி அழிகிறதே என்று அழுகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நிவாரணமாகக் கண்ணாடியிழைப் படகுகள் குவிந்தன. மரத்தின் விலை ஏறியது, பெரிய சரக்கு இரும்புக் கப்பலுக்குப் போனது. இவை காரணங்கள்தான். அத்தோடு, தங்கை மகன் விரும்பாத கணக்கை, விரும்பியவனுக்குச் சொல்லிக் கொடுக்காமல் செத்துப்போன மேஸ்திரிகளும் ஒரு காரணம். அந்த மேஸ்திரியையும் பார்ப்பனியம் சூத்திரன் என்றுதான் வைத்திருந்தது. தனக்குக் கீழே ஒருவன் இருக்கிறான் என்ற ஆறுதலில் அவர் அதை மறந்தார். வேலையைப் பிரிப்பது வேறு, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது வேறு என்று அம்பேத்கர் 1936லேயே விளக்கிவிட்டார். பட்டறைகள் படிக்கவில்லை.

ஆகவே நண்பரே, பெருமையை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். மரக்கலம் கட்டுவதைக் கடலோர மாவட்டத் தொழிற்பயிற்சி நிலையங்களில் பாடமாக வையுங்கள், எந்தச் சேரியில் இருந்தும், பெண்ணும், வந்து சேரட்டும். கலப்பத்து அடிக்கிறவரையும் மரம் தூக்குகிறவரையும் படகு கட்டும் தொழிலாளி என்றே நல வாரியத்தில் பதியுங்கள். பட்டறைக் கூலிப் பதிவேட்டில் 'மேஸ்திரி, தச்சர்' என்று வேலையைச் சொல்லி எழுதுகிறார்கள். என் அப்பா இருந்த பக்கத்தில் முப்பது ஆண்டும் 'ஆள்' என்றுதான் இருந்தது. அந்த இடத்தில் அவர் செய்த வேலையின் பெயரை எழுதுங்கள்.