மாதர் பக்கம்: கைமணத்துக்கும் ஓர் அளவு உண்டு



சென்ற இதழில் நவராத்திரிச் சுண்டல் வகைகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரிகள் சிலர் ஒரே விஷயத்தை வெவ்வேறு விதமாகக் கேட்டார்கள். "அக்கம்பக்கத்து அமெரிக்கப் பெண்கள் சாம்பாரும் தோசையும் சொல்லிக் கொடுக்கச் சொல்கிறார்கள். பணம் வாங்கலாமா, மாமி?" என்றார் ஒருவர். "ரசப்பொடி அரைத்துக் கொடுக்கிறேன். எல்லோரும் புகழ்கிறார்கள். மாத முடிவில் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்பதில்லை" என்றார் மற்றொருவர். இந்த மாதம் இவ்விருவருக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

கோயில் மடைப்பள்ளியில் நாம் செய்வது கைங்கரியம். அதற்கு விலை கிடையாது. வயிற்றுப் பிழைப்புக்காகவோ, பிள்ளைகளின் படிப்புக்காகவோ, தனக்கென்று நாலு காசு வேண்டும் என்பதற்காகவோ சமைப்பது தொழில். அதற்கு விலை வைக்காவிட்டால் அது தொழிலே ஆகாது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் கெட்டிக்காரப் பெண்மணிகள் பலர் களைத்துப் போய் பாதியில் விட்டுவிடுகிறார்கள்.

நம் பாட்டிமார்களிடம் அளவு கேட்டால் "ஒரு கை", "கண் திட்டம்", "கொஞ்சம் போல" என்பார்கள். பக்கத்தில் நின்று பத்து வருஷம் பார்த்தவளுக்கு அது போதும். மூன்று மணி நேரம் வந்து கற்றுக்கொண்டு போகிறவளுக்குப் போதாது. கைமணத்தை எழுதக்கூடிய அளவாக மாற்றத் தெரிந்தவர்களே இந்தத் துறையில் நிலைத்திருக்கிறார்கள்.

முதல் உதாரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. 1951-ஆம் வருஷம் வெளிவந்த 'சமைத்துப் பார்' புத்தகத்தை அறியாதவர் நம்மில் குறைவு. அதை எழுதிய எஸ். மீனாட்சி அம்மாள் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர். உறவுப் பெண்கள் ஓயாமல் பக்குவம் கேட்பதைக் கண்ட அவருடைய உறவினர் ஒருவர், அதையெல்லாம் எழுதிப் புத்தகமாகப் போடும்படி தூண்டினார். அப்படி வந்ததுதான் அந்த நூல். அளவும், சேர்க்க வேண்டிய வரிசையும், அடுப்பை எப்போது இறக்குவது என்பதும் அதில் எழுத்தில் இருந்தன. பக்கத்தில் மாமியார் இல்லாமல் தூர தேசத்தில் குடித்தனம் தொடங்கிய எத்தனையோ பெண்கள் அதை நம்பியே உலை வைத்தார்கள்.

இரண்டாவது உதாரணம் நாம் வாழும் இந்த நாட்டிலேயே இருக்கிறது. ஜூலி சாஹ்னி தமிழ்க் குடும்பத்தில் பிறந்து வடநாட்டில் வளர்ந்தவர். கட்டடக் கலை படித்தார். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நகரத் திட்டமிடுதல் பயின்று அந்தத் துறையிலேயே உத்தியோகமும் பார்த்தார். பொழுதுபோக்காகச் சீனச் சமையல் வகுப்பு ஒன்றில் சேர்ந்தபோது, உடன் படித்தவர்கள் "உங்கள் ஊர்ச் சமையலை எங்களுக்குச் சொல்லிக் கொடுங்களேன்" என்று கேட்டார்கள். 1973-இல் புரூக்ளினில் தம் வீட்டிலேயே வகுப்பு ஆரம்பித்தார். 1980-இல் 'கிளாசிக் இந்தியன் குக்கிங்' என்ற பெரிய புத்தகம் வந்தது. 1985-இல் சைவச் சமையலுக்கும் தானியங்களுக்கும் தனி நூல் வந்தது. நியூயார்க் உணவகம் ஒன்றில் தலைமைச் சமையற்காரராகவும் இருந்தார். முதல் புத்தகத்தைப் பிரித்தால் உடனே குழம்பும் கூட்டும் வராது. ஒவ்வொரு சாமானின் குணம், வறுப்பதன் நோக்கம், தாளிக்கும் முறை எல்லாம் முதலில் வரும். மாணவிக்குக் காரணம் புரிந்துவிட்டால் அடுத்த பதார்த்தத்தைத் தானே செய்துகொள்வாள் என்பதை அவர் அறிந்திருந்தார்.

ஆகவே வகுப்பு நடத்த விரும்பும் சகோதரிகளே, முதலில் ஒரு நோட்டுப் புத்தகமும் சமையலறைத் தராசும் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் சாம்பாரை மூன்று தடவை செய்யுங்கள். போடும் ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் நிறுத்து எழுதுங்கள். அம்மா சொன்ன ஆழாக்கு சுமார் 168 மில்லி. இங்குள்ள கப் சுமார் 240 மில்லி. ஆழாக்குக் கணக்கை அப்படியே கப் என்று சொல்லிவிட்டால் மாணவியின் வீட்டில் பொங்கல் களியாகிவிடும். தேக்கரண்டி என்றால் 5 மில்லி, மேசைக்கரண்டி என்றால் 15 மில்லி. மூன்று தடவையும் ஒரே ருசி வந்த பிறகு, சமைத்தே பழகாத ஒருவரிடம் அந்தக் குறிப்பைக் கொடுத்து, நீங்கள் வாய் திறவாமல் பக்கத்தில் நின்று பாருங்கள். அவர் எங்கே தயங்குகிறாரோ அங்கே உங்கள் குறிப்பில் ஒரு வரி குறைகிறது என்று பொருள்.

காரணங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள். பருப்பு வேகும் முன் புளித்தண்ணீரை விட்டால் புளிப்பினால் பருப்பு சீக்கிரம் குழையாது. வெந்தயம் கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும். இட்லி மாவு பொங்குவதற்கு வெதுவெதுப்பு வேண்டும். குளிர்காலத்தில் அடுப்பு அவனைப் பற்ற வைக்காமல், உள்விளக்கை மட்டும் போட்டு மாவுப் பாத்திரத்தை அதற்குள் வைத்தால் போதும். இப்படிப்பட்ட நாலு காரணங்களுக்காகவே மாணவி திரும்பவும் வருவாள்.

இனி விலைக்கு வருவோம். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆறு பேருக்கு ஒரு வகுப்பு. சாமான் 60 டாலர், காப்புறுதிக்கு ஒரு வகுப்பின் பங்காக 20 டாலர் என்று வைத்துக்கொள்வோம். கடைக்குப் போய்வர இரண்டு மணி, நறுக்கி ஊறவைத்துத் தயார் செய்ய மூன்று மணி, வகுப்பு மூன்று மணி, பாத்திரம் கழுவிச் சுத்தம் செய்ய இரண்டு மணி, ஆகப் பத்து மணி நேரம். தலைக்கு 15 டாலர் வாங்கினால் வரவு 90, செலவு 80, மிச்சம் 10. அதாவது உங்கள் உழைப்புக்கு மணிக்கு ஒரு டாலர்! தலைக்கு 45 டாலர் வாங்கினால் வரவு 270, மிச்சம் 190, மணிக்கு 19 டாலர். இரண்டாவது விலையைச் சொல்ல நாக்கு கூசுகிறது என்பீர்கள். வகுப்பு மூன்று மணிதானே என்று நினைப்பதால் வரும் கூச்சம் அது. மற்ற ஏழு மணி நேரத்தையும் எழுதிப் பாருங்கள், கூச்சம் போய்விடும்.

பொடி விற்கும் சகோதரிக்கும் இதே கணக்குதான். இருபது பாட்டிலுக்குச் சாமான் 45, பாட்டிலும் லேபிலும் 20, வேலை ஐந்து மணி என்றால், பாட்டில் 4 டாலருக்கு விற்றால் மிச்சம் 15 டாலர்தான். எட்டு டாலருக்கு விற்றால் 95 மிஞ்சும். வாங்குகிறவர் இரண்டாவது பாட்டிலுக்கு வருவது முதல் பாட்டிலின் ருசி அப்படியே இருக்கும் என்ற நம்பிக்கையில்தான். அதற்கும் அளவுதான் துணை. கென்யாவிலிருந்து 1950-களின் பிற்பகுதியில் பிரிட்டன் போய்ச் சேர்ந்த லக்ஷ்மிசங்கர் பாடக் குடும்பத்தார் வீட்டு அடுப்பில் சமோசாவும் இனிப்பும் செய்து விற்கத் தொடங்கினார்கள். பிறகு ஊறுகாயும் மசாலா விழுதும் பாட்டிலில் வந்தன. எந்த ஊரில் வாங்கினாலும் ஒரே ருசி என்பதால் அங்குள்ள இந்திய உணவகங்களே அந்த விழுதுகளை வாங்கின. 2007-இல் ஒரு பெரிய பிரிட்டிஷ் கம்பெனி அந்த வியாபாரத்தை விலைக்கு வாங்கியது.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. வீட்டில் செய்த தின்பண்டங்களை விற்க இப்போது எல்லா மாநிலங்களிலும் ஏதோ ஒரு வகையில் இடமுண்டு. கடைசியாக வழிவிட்டது நியூ ஜெர்ஸி, 2021-இல். ஆனால் பெரும்பாலான மாநிலங்களில் இந்தச் சலுகை குளிர்ப்பெட்டி தேவைப்படாத பொருள்களுக்குத்தான். முறுக்கு விற்கலாம், அரைத்த இட்லி மாவு விற்க முடியாது என்ற நிலை சகஜம். ஊறுகாய்க்குப் பல இடங்களில் தனிக் கட்டுப்பாடு உண்டு. உங்கள் மாநில விதியைக் கேட்டறிந்த பிறகே பாட்டில் வாங்குங்கள்.

லேபிலில் ஒவ்வாமைப் பொருள்களைக் குறிப்பிட வேண்டும். 2023 ஜனவரி முதல் எள்ளும் அந்தப் பட்டியலில் சேர்ந்து ஒன்பதாகிவிட்டது. ஆகவே மிளகாய்ப்பொடியில் எள் இருந்தால் எழுதியே ஆக வேண்டும். பெருங்காயத்தூளின் டப்பாவையும் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாத ஒருவருக்கு "வெறும் பருப்பும் மிளகாயும்தான்" என்று சொல்லி ரசப்பொடி கொடுத்தால் அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதாகிவிடும்.

கணவரின் உத்தியோக விசாவைச் சார்ந்து வந்திருக்கும் சகோதரிகளுக்கு ஒரு தனி வார்த்தை. வேலை அனுமதி இல்லாமல் வீட்டுக்குள் வகுப்பு நடத்திப் பணம் வாங்குவதும் வேலை என்றே கருதப்படலாம். 2015 மே மாதம் நடைமுறைக்கு வந்த விதி, நிரந்தரக் குடியுரிமைக்கான மனு ஓரளவு முன்னேறியவர்களின் மனைவியருக்கு அனுமதி கேட்க வழி செய்தது. குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரைக் கலந்து பேசாமல் ஒரு டாலர்கூட வாங்காதீர்கள். காத்திருக்கும் காலத்தில் நோட்டுப் புத்தகத்தை நிரப்புங்கள். அதற்கு அனுமதி வேண்டாம்.

கடைசியாக, நம் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். உணவகத்தில் நாலு பேர் காப்பி பலகாரம் சாப்பிட்டுப் பேசாமல் பில்லையும் அதன்மேல் இனாமையும் கொடுத்துவிட்டு வருகிறோம். நம் சங்கத்து மாமி ஒருத்தி பக்ஷணம் செய்து கொடுத்தால் மட்டும் "நம்ம மாமிதானே, குறைத்துக் கொடுங்கள்" என்கிறோம். விடியற்காலையில் எழுந்து அடுப்பின் முன் நின்றவளுக்கு அந்த வார்த்தை எத்தனை சுருக்கென்று தைக்கும் என்று யோசிப்பதில்லை. அவள் சொல்லும் விலையை முகம் கோணாமல் கொடுப்போம். அவளுடைய வகுப்புக்கு நம் பெண்களையும், ஏன், பிள்ளைகளையும் அனுப்புவோம். இங்கே பிறந்து வளரும் குழந்தைகளுக்குப் பாட்டியின் "கொஞ்சம் போல" புரியாது. "அரைத் தேக்கரண்டி" என்றால் புரியும். அளவு எழுதி வைத்த சமையல்தான் அவர்கள் கைக்குப் போய்ச் சேரும்.

வகுப்பு நடத்தும் எண்ணமுள்ள சகோதரிகள் ஞாயிற்றுக்கிழமை பூஜை முடிந்ததும் என்னைப் பார்க்கலாம். வரும்போது நோட்டுப் புத்தகத்தையும் எடுத்து வாருங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம். எல்லோருக்கும் இறைவன் அருள் கிட்டட்டும்.