இட்லிப் பானையில் சாக்லேட் கஸ்டர்ட்... சர்க்கரை உள்ளவர்களுக்கும் ஒரு கிண்ணம்!

தை, மாசி மாதங்களில் பெரம்பலூர் பக்கம் போனவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கம். வேப்பந்தட்டை, குன்னம், ஆலத்தூர் சுற்றுவட்டார கிராமங்களில் களத்திலும் சாலையோரத்திலும் மஞ்சள் மஞ்சளாக மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருக்கும். தமிழ்நாட்டில் மக்காச்சோளம் அதிகம் விளையும் மாவட்டங்களில் பெரம்பலூருக்கு முன்வரிசையில் இடம் உண்டு. 2018-ல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர் விவசாயிகளைக் கலங்க வைத்த பிறகும், இன்றுவரை மானாவாரி நிலத்தின் நம்பிக்கை அந்தப் பயிர்தான்.

சாக்லேட் கஸ்டர்டுக்கும் மக்காச்சோளத்துக்கும் என்ன சம்பந்தம்? நிறையவே இருக்கிறது. கடையில் வாங்கும் கஸ்டர்ட் பவுடரின் பின்பக்கத்தைப் படித்துப் பாருங்கள். முதலில் இருப்பது சோள மாவு, அதாவது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த ஸ்டார்ச். அதோடு நிறமும் வெனிலா மணமும் சேர்த்தால் கஸ்டர்ட் பவுடர். அவ்வளவுதான்!

ஆனால், கஸ்டர்ட் என்பது ஆதியில் பாலும் முட்டையும் சேர்ந்த பண்டம். 1837-ல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஆல்ஃபிரெட் பேர்ட் என்ற மருந்துக் கடைக்காரர், முட்டை ஒத்துக்கொள்ளாத தன் மனைவிக்காக சோள மாவை வைத்து ஒரு பவுடரைக் கண்டுபிடித்தார். மனைவிக்காகச் செய்த அந்த மாற்று, உலகம் முழுக்கப் பரவி, கடைசியில் அதுவே 'கஸ்டர்ட்' என்று ஆகிவிட்டது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பழைய முட்டை வழிதான் நல்லது. வேடிக்கை என்னவென்றால், அதுவும் பெரம்பலூர் மக்காச்சோளத்தில்தான் தொடங்குகிறது. இங்கே விளையும் மக்காச்சோளத்தில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. நாமக்கல் பண்ணைக் கோழி அதைத் தின்று முட்டையிடுகிறது. மாவாக வந்தால் 100 கிராமில் ஏறத்தாழ 90 கிராம் மாவுச்சத்து. கோழி வழியாக முட்டையாக வந்தால் ஒரு முட்டைக்கு அரை கிராம்தான், கூடவே 6 கிராம் புரதம்!

ஏன் இந்தக் கணக்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நாடு தழுவிய ஆய்வு முடிவுகள் 2023 ஜூனில் வெளியாயின. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் சர்க்கரை நோய், 13 கோடியே 60 லட்சம் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள் என்றது ஆய்வு. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 14.4 சதவிகிதம் பேருக்குச் சர்க்கரை நோய். ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவர். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து கொடுக்கப்படும் மாத்திரைகளில் முக்கியமானவை பிபி மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும்தான்.

மாத்திரை வீட்டுக்கு வந்துவிடுகிறது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில்? பேத்தியின் பிறந்தநாளுக்கு கேக் வெட்டும்போது, 'தாத்தாவுக்கு வேண்டாம், சுகர்' என்று யாராவது சொல்வார்கள். அவரும் சிரித்தபடி திண்ணைக்கு எழுந்து போவார். ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு ஃப்ரிட்ஜ் கதவு திறக்கும் சத்தம் கேட்கும். பகலில் மறுக்கப்பட்டது இரவில் இரண்டு பங்காக உள்ளே போகும். அடுத்த மாத ரிப்போர்ட்டில் அது தெரியும். பிறகு வீட்டில் சண்டை.

'சாப்பிடாதே' என்று சொல்வதைவிட, எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட ஒரு கிண்ணம் கொடுப்பது பல வீடுகளில் பலன் தரும். அதற்குத்தான் இந்த வாரம் இந்த கஸ்டர்ட்.

எவ்வளவு வித்தியாசம்?

வழக்கமான முறையில் 4 பேருக்கு கஸ்டர்ட் செய்ய அரை லிட்டர் பால், 3 மேசைக்கரண்டி கஸ்டர்ட் பவுடர், 5 மேசைக்கரண்டி சர்க்கரை போடுவார்கள். பாலில் 24 கிராம், பவுடரில் 21 கிராம், சர்க்கரையில் 60 கிராம் என்று மொத்தம் 105 கிராம் மாவுச்சத்து. ஒரு கிண்ணத்துக்கு 26 கிராம். பழம் நறுக்கிப் போட்டால் இன்னும் ஏறும்.

கீழே உள்ள முறையில் ஒரு கிண்ணத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 8 கிராம்தான். ஒரு சின்ன இட்லி அளவு. அதிலும் ஒரு பகுதி கோகோவின் நார்ச்சத்து.

தேவையானவை (4 கிண்ணம்)

பால் - 300 மில்லி
ஃப்ரெஷ் க்ரீம் - 100 மில்லி
முட்டை - 3
இனிப்பில்லாத கோகோ பவுடர் - 3 மேசைக்கரண்டி (15 கிராம்)
சீனித்துளசி (ஸ்டீவியா) பவுடர் - 8 தேக்கரண்டி சர்க்கரைக்குச் சமமான அளவு
வெனிலா எசன்ஸ் - அரை தேக்கரண்டி
இன்ஸ்டன்ட் காபித்தூள் - கால் தேக்கரண்டி
உப்பு - ஒரு சிட்டிகை

கடையில் கவனம் தேவை. 'கோகோ பவுடர்' வேறு, 'டிரிங்கிங் சாக்லேட்' வேறு. இரண்டாவதில் பெரும்பகுதி சர்க்கரை. பாக்கெட்டைத் திருப்பி, சேர்மானப் பட்டியலில் கோகோ மட்டும் இருப்பதை வாங்குங்கள். அதேபோல, 'சுகர் ஃப்ரீ' பவுடர்கள் சிலவற்றில் அளவைக் கூட்டிக் காட்ட மால்டோடெக்ஸ்ட்ரின் சேர்த்திருப்பார்கள். அதுவும் மாவுச்சத்துதான். ஸ்டீவியா பிராண்டுக்கு பிராண்டு இனிப்பு மாறும். பாக்கெட்டில் போட்டிருக்கும் கணக்கைப் பார்த்து அளவெடுங்கள். கூடினால் கசக்கும்.

செய்முறை

கோகோ, காபித்தூள், உப்பு மூன்றையும் ஒரு கிண்ணத்தில் போட்டு, நாலு கரண்டி சூடான பால் ஊற்றிக் கட்டியில்லாமல் குழைத்துக்கொள்ளுங்கள். கோகோவை நேராகப் பாலில் கொட்டினால் மிதந்து கட்டி கட்டியாக நிற்கும்.

மீதிப் பாலையும் க்ரீமையும் அடுப்பில் வைத்துச் சூடானதும் கோகோ விழுதைச் சேர்த்து, சின்னத் தீயில் 2 நிமிடம் கிளறுங்கள். பச்சை வாசனை போகும். இறக்கி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆற விடுங்கள்.

முட்டைகளை உடைத்து, ஸ்டீவியாவும் வெனிலாவும் சேர்த்து முள்கரண்டியால் கலக்குங்கள். ஆம்லெட்டுக்கு அடிப்பதுபோல நுரைக்க அடிக்கக் கூடாது. நுரை இருந்தால் கஸ்டர்டில் ஓட்டை ஓட்டையாக விழும்.

பாலை மெல்லிய தாரையாக முட்டையில் ஊற்றிக்கொண்டே கலக்குங்கள். பாலை முட்டைக்குத்தான் ஊற்ற வேண்டும். கொதிக்கும் பாலில் முட்டையை ஊற்றினால் பொரியலாகிவிடும். கலவையை டீ வடிகட்டியில் வடித்து, 4 சின்ன எவர்சில்வர் கிண்ணங்களில் முக்கால் அளவு ஊற்றி, மேலே சின்னத் தட்டோ அலுமினியத் தாளோ போட்டு மூடுங்கள். இல்லாவிட்டால் மூடியிலிருந்து ஆவித் தண்ணீர் சொட்டி மேலே தேங்கும்.

அவன் இல்லையே என்ற கவலை வேண்டாம். இட்லிப் பானை போதும். தண்ணீர் கொதித்ததும் தீயை நன்றாகக் குறைத்து, கிண்ணங்களைத் தட்டின் மேல் வைத்து மூடுங்கள். மூடியின் ஓரத்தில் ஒரு கரண்டியைச் செருகி, ஆவி வெளியேற இடைவெளி விடுங்கள். முட்டையும் பாலும் சேர்ந்து உறைய 80 டிகிரி செல்சியஸுக்குக் கொஞ்சம் மேலே சூடு இருந்தால் போதும். இட்லிக்கு வைப்பதுபோலத் தீயை ஏற்றினால் கஸ்டர்ட் திரிந்து தண்ணீர் விடும்.

15 முதல் 20 நிமிடம் கழித்து ஒரு கிண்ணத்தை லேசாக ஆட்டிப் பாருங்கள். ஓரம் உறைந்து, நடுவில் மட்டும் கெட்டித் தயிர்போலத் தளும்பினால் சரியான பதம். அடுப்பை அணைத்துவிடலாம். ஆறும்போது மீதியும் உறையும். 3 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துப் பரிமாறுங்கள். 2 நாட்களுக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

தப்பித் தவறித் திரிந்துபோனால் கொட்ட வேண்டாம். மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிக் குளிர வைத்தால், கரண்டியில் எடுத்துச் சாப்பிடும் சாக்லேட் க்ரீமாக ஆகிவிடும்.

மேலே தூவ முந்திரியா, கடலையா?

அரியலூர்க்காரர்களிடம் முந்திரி வேண்டாம் என்று சொல்ல முடியுமா? ஜெயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறை பக்கமெல்லாம் முந்திரிக்காடுதான். ஆனால், பருப்பு வகைகளில் மாவுச்சத்து கூடுதலாக உள்ளவற்றில் முந்திரியும் ஒன்று. 100 கிராமில் 30 கிராம் வரை இருக்கும். நிலக்கடலையில் ஏறத்தாழ அதில் பாதி. எனவே கிண்ணத்துக்கு 2 முந்திரியை வறுத்து உடைத்துத் தூவினால் போதும். கைப்பிடி நிறைய வேண்டுமென்றால், வறுத்துத் தோல் நீக்கிய கடலையைத் தூவுங்கள். சாக்லேட்டுக்குக் கடலையின் மணம் பிரமாதமாகப் பொருந்தும்.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு...

சைனா கிராஸ் எனப்படும் கடற்பாசி கைகொடுக்கும். 5 கிராம் கடற்பாசியை 100 மில்லி தண்ணீரில் 20 நிமிடம் ஊற வைத்து, அடுப்பில் வைத்து முழுவதும் கரையும் வரை கொதிக்க விடுங்கள். 400 மில்லி பால், 100 மில்லி க்ரீம், 3 மேசைக்கரண்டி கோகோ சேர்த்துக் காய்ச்சிய கலவை சூடாக இருக்கும்போதே இதை வடிகட்டி ஊற்றுங்கள். பால் ஆறியிருந்தால் கடற்பாசி உடனே திரண்டுவிடும். ஸ்டீவியா சேர்த்துக் கிண்ணங்களில் ஊற்றினால் ஃப்ரிட்ஜ் இல்லாமலே உறையும். இதிலும் ஒரு கிண்ணத்துக்கு 8 கிராம் மாவுச்சத்துதான். முட்டையின் வழுவழுப்பு மட்டும் இருக்காது.

வெல்லம், கருப்பட்டி, தேன் போடலாமா?

பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். 'சர்க்கரைதானே கூடாது, நாட்டுச் சர்க்கரை நல்லதாச்சே' என்று வெல்லத்தை அள்ளிப் போடுவார்கள். ரத்தச் சர்க்கரையைப் பொறுத்தவரை வெல்லம், கருப்பட்டி, தேன், வெள்ளைச் சர்க்கரை எல்லாம் ஒரே குடும்பம். வெல்லத்தில் தாதுக்கள் கொஞ்சம் உண்டு. ஆனால் மாவுச்சத்து ஏறத்தாழ சர்க்கரை அளவுக்கே இருக்கிறது.

அப்படியானால் மாற்று இனிப்புகள் முழுப் பாதுகாப்பா? அதையும் அளவோடு பார்க்க வேண்டும். எடையைக் குறைக்கும் நோக்கத்தில் இவற்றை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 மே மாதம் பரிந்துரைத்தது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது. எரித்ரிட்டால் என்ற இனிப்புக்கும் இதய நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அதே ஆண்டு ஓர் அமெரிக்க ஆய்வு சொன்னது. அதுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இதய நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுவிட்டு முடிவெடுப்பது நல்லது. அஸ்பார்ட்டேம் உள்ள பவுடர் என்றால் சூட்டில் இனிப்பு குறைந்துவிடும், இந்தச் சமையலுக்கு ஆகாது.

மாற்று இனிப்பே வேண்டாம் என்பவர்கள், மொத்தக் கலவைக்கும் 4 தேக்கரண்டி சர்க்கரை மட்டும் போடலாம். கிண்ணத்துக்கு 12 கிராம் மாவுச்சத்து வரும். அப்போதும் வழக்கமான கஸ்டர்டில் பாதிக்கும் குறைவுதான். குழந்தைகளுக்கு ஸ்டீவியா தேவையில்லை. இனிப்பு சேர்க்கும் முன் கலவையை இரண்டாகப் பிரித்து, அவர்கள் கிண்ணத்துக்கு மட்டும் கொஞ்சம் சர்க்கரை கலந்துவிடுங்கள். ஒரே பானை, ஒரே பண்டம், தாத்தாவுக்கும் பேத்திக்கும்.

இதை மறக்க வேண்டாம்!

மாவுச்சத்து குறைவு என்றால் கலோரி குறைவு என்று அர்த்தமில்லை. க்ரீமும் முட்டையும் இருப்பதால் ஒரு கிண்ணத்தில் ஏறத்தாழ 170 கலோரி. வழக்கமான கஸ்டர்டிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சர்க்கரை ஏற்றம் குறையும், எடை தானாகக் குறையாது. ஒருவருக்கு ஒரு கிண்ணம், வாரத்தில் ஒருநாள் போதும்.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும், இதைச் சாக்காக வைத்துச் சாப்பாட்டைத் திடீரென்று குறைத்தால் 'லோ சுகர்' ஆகும் ஆபத்து உண்டு. சாதத்தைக் குறைப்பதாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள். சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள், கொலஸ்ட்ரால் அதிகம் உள்ளவர்கள், கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களும் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும்.

வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால் வேலை சுலபம். சாப்பிடும் முன் ஒருமுறை, 2 மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒவ்வோர் உடம்பும் ஒவ்வொரு மாதிரி. உங்கள் வீட்டுப் பெரியவருக்கு இது ஒத்துப்போகிறதா என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லிவிடும்.

திங்கள், வெள்ளியில் சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் ஏற்றிய மாவிளக்கை ஒரு வாய் கொடுத்தால், யாரும் மறுக்கப் போவதில்லை. மறுக்கவும் வேண்டாம், அது ஒரு வாய். கிண்ணம் நிறைய வேண்டும் என்ற ஆசைக்கு இட்லிப் பானை இருக்கிறது. இந்த ஞாயிறு செய்து பாருங்கள். தாத்தாவைத் திண்ணையிலிருந்து உள்ளே கூப்பிடுங்கள்.

அடுத்த வாரம்: எண்ணெய் அதிகம் குடிக்காத கடலை மாவு மாலைச் சிற்றுண்டி.