‘அந்த’ இடத்தில் அக்கியா? கர்ப்பிணிகளே, டாக்டரிடம் மறைக்காதீங்க!

கொத்தாகக் கொப்புளம் கிளம்பினால் ‘அக்கி’ என்று சொல்லி, மண்பானை செய்பவரிடம் போய்க் காவியால் எழுதிக்கொள்வது நம் கிராமங்களின் பழைய வழக்கம். முதுகிலும் இடுப்பிலும் பட்டையாக வரும் அக்கி, பழைய அம்மை வைரஸின் வேலை. பிறப்புறுப்பில் வருவது பெரும்பாலும் வேறு: ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ். பாலசமுத்திரத்தில் இருக்கும் ஒரு கர்ப்பிணி இரண்டையும் ஒன்றென்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டால், பாதிப்பு குழந்தைக்கு.

அரசு மருத்துவமனை செக்கப்பில் ஹெச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி வைரஸ் எல்லாம் பார்க்கிறார்கள். ஹெர்பிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் சொன்னால்தான் டாக்டருக்குத் தெரியும். கூடவே மாமியார் நின்றால் எப்படிச் சொல்வது? ‘டாக்டர், கொஞ்சம் தனியா பேசணும்’ என்றால் போதும்.

எப்போது வந்தது என்பதுதான் முக்கியம். கடைசி மூன்று மாதத்தில் முதன்முறையாகத் தொற்றினால், சுகப்பிரசவத்தில் 100 குழந்தைகளில் 30 முதல் 50 வரை பாதிக்கப்படலாம். பல வருடங்களாக வந்து வந்து போவது என்றால், 100-க்கு 3-ஐத் தாண்டாது. தாயின் எதிர்ப்புச் சக்தி குழந்தைக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அதனால் ஹெர்பிஸ் என்றாலே சிசேரியன் என்று பயப்பட வேண்டாம். வலி எடுக்கும் நேரத்தில் புண்ணோ, அந்த இடத்தில் எரிச்சலோ இருந்தால், அல்லது முதல் தொற்றே பிரசவத்தை ஒட்டி வந்திருந்தால்தான் ஆபரேஷன். அடிக்கடி வருபவர்களுக்கு 36-வது வாரத்திலிருந்து அசைக்ளோவிர் மாத்திரை தருவார்கள்.

இன்னொன்று, வீட்டில் சண்டை வேண்டாம். இந்த வைரஸ் நரம்புக்குள் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் படுத்திருக்கும். இன்று புண் வந்தது என்பதால் நேற்று யாரோ தப்பு செய்தார்கள் என்று அர்த்தம் இல்லை.

காய்ச்சல் விட்டதும் உதட்டோரம் வருகிறதே கொப்புளம், அதுவும் இதே குடும்பம்தான். அதோடு வந்து பச்சைக் குழந்தையைக் கொஞ்சுபவர் தாய்மாமனே ஆனாலும் முத்தம் வேண்டாம். தாய்ப்பால் தாராளமாகக் கொடுக்கலாம், மார்பில் புண் இல்லாதவரை.

பிறந்த முதல் சில வாரங்களில் குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலோ, காய்ச்சலோ வலிப்போ வந்தாலோ, கொப்புளம் தெரியாவிட்டாலும் உடனே 108-ஐக் கூப்பிட்டுப் பழனி அரசு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். கர்ப்பத்தில் புண் வந்திருந்ததையும் மறக்காமல் சொல்லுங்கள். ஹெர்பிஸ்தான் என்றால் 14 நாள், மூளைவரை போயிருந்தால் 21 நாள், நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.