கியர் பாக்ஸுக்கு ஒரு வக்கீல்

சென்ற இதழில் ஆட்டோமேட்டிக் வண்டிகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் வாகன விற்பனைத் துறையில் நெடுங்காலம் இருந்தவர் என்று அடிக்குறிப்பு சொன்னது. சொல்லாவிட்டாலும் தெரிந்திருக்கும். கல்வராயன் மலைக்குப் போய்வரும் எஸ்.யு.வி.கள் கியர் பாக்ஸ் கெட்டு நடுவழியில் நிற்பதற்கு அவர் கண்டுபிடித்த காரணம் ஒன்றே ஒன்றுதான்: ஓட்டுகிறவனுக்கு ஓட்டத் தெரியவில்லை. கம்பெனிகள் தாமாகவே ரீகால் அறிவித்து இலவசமாகச் சரிசெய்து தருகின்றன, அதற்கு நன்றி சொல்லாமல் குறை சொல்கிறோம் என்று அடுத்து வருத்தப்படுகிறார். இப்படிப் பேசினால் தமிழ்நாட்டின் வாகனத் தொழில் கெட்டுவிடும் என்று பயமும் காட்டுகிறார். போகிற போக்கில், மலையில் ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், இதெல்லாம் அங்கே ஒரு பிரச்சினையா என்றும் கேட்டிருக்கிறார்.

அவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அதை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையை விட்டு, கரியாலூர் வழியாக வெள்ளிமலைக்கு ஏறும் பாதையில் ஏ.எம்.டி. வண்டியைக் கண்டபடி ஓட்டினால் கெடத்தான் செய்யும். ஏ.எம்.டி. என்பது பழைய கிளட்ச் பிளேட்டும் பழைய கியர் பாக்ஸும்தான். கிளட்சை மிதிப்பதும் கியர் மாற்றுவதும் நமக்குப் பதிலாக ஒரு இயந்திரம், அவ்வளவே. கொண்டை ஊசி வளைவில் மரவள்ளி லாரி எதிரே வரும்போது, பிரேக்கைப் பிடிக்காமல் ஆக்சிலரேட்டரை லேசாக அமுக்கியே வண்டியை மேட்டில் நிறுத்தி வைத்தால் பிளேட் வழுக்கும், சூடேறும், கருகிய நாற்றம் வண்டிக்குள் வரும். இறங்கும்போது ‘டி’யில் போட்டுவிட்டு பிரேக்கை மட்டும் நம்பினால், பாதி மலையில் பிரேக் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும். கியரைக் குறைத்து எஞ்சின் பிரேக்கில் இறக்க வேண்டும். இதெல்லாம் ஓட்டுநர் தெரிந்துகொள்ள வேண்டியவைதான்.

சொல்லிக்கொடுப்பது யார்? ஒரு ஷோரூமில் நண்பர் ஒருவர் ஆட்டோமேட்டிக் எஸ்.யு.வி. டெலிவரி எடுத்தபோது கூடப் போயிருந்தேன். சிவப்புத் துணியை விலக்கினார்கள், கேக் வெட்டினார்கள், ஆள் உயர அட்டைச் சாவியைக் கையில் கொடுத்துப் படம் எடுத்தார்கள். மேட்டில் நிறுத்தி எடுப்பது எப்படி என்று நண்பர் கேட்டார். “எல்லாம் ஆட்டோமேட்டிக் சார், நீங்க சும்மா உக்காந்தா போதும்” என்று பதில் வந்தது. விற்கும்போது சும்மா உட்காரச் சொல்வது, கெட்டுப்போனால் ஓட்டத் தெரியவில்லை என்பது. கட்டுரையாளர் இந்த இரண்டில் எதை நம்புகிறார் என்று முதலில் முடிவு செய்யட்டும்.

தவறாக ஓட்டித் தேய்ந்த பிளேட்டுக்கு எவரும் ரீகால் கேட்கவில்லை. ரீகால் என்பது ஆலையிலிருந்தே குறையோடு வெளிவந்த வண்டியைப் பற்றியது. இந்த வித்தியாசத்தைக் குழப்பிவிட்டால் அவருடைய கட்டுரை நிற்கும், பிரித்துவிட்டால் விழுந்துவிடும். அதனால்தான் கடைசிவரை அவர் பிரிக்கவில்லை.

பிரித்துப் பார்ப்போம். 2024 பிப்ரவரியில் ஹூண்டாய் நிறுவனம் 7,698 கிரெட்டா, வெர்னா வண்டிகளைத் திரும்ப அழைத்தது. எல்லாம் 1.5 லிட்டர் பெட்ரோல், சி.வி.டி. ஆட்டோமேட்டிக். 2023 பிப்ரவரி 13 முதல் ஜூன் 6 வரை தயாரானவை. அதே மாதம் கியா நிறுவனம் 4,358 செல்டோஸ் வண்டிகளை ஏறக்குறைய அதே காரணத்துக்காக அழைத்தது. கியர் பாக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் மின்சார பம்ப்பின் கட்டுப்பாட்டுக் கருவியில் சந்தேகம். இந்த வகை கியர் பாக்ஸில் பெல்ட்டைப் பிடித்து வைத்திருப்பதே எண்ணெய் அழுத்தம்தான். சிக்னலில் எஞ்சின் தானாக அணையும்போது எஞ்சினால் சுற்றும் பம்ப்பும் நின்றுவிடும். அப்போது அழுத்தத்தைத் தாங்கவே இந்த மின்சார பம்ப். இதில் ஓட்டுகிறவனின் கால் எங்கே வருகிறது? 2023 பிப்ரவரிக்கும் ஜூனுக்கும் நடுவில் செய்த வண்டிகளை வாங்கியவர்கள் மட்டும் எப்படி ஒட்டுமொத்தமாக ஓட்ட மறந்துபோனார்கள்?

ஆட்டோமேட்டிக்கோடு நிற்கவுமில்லை. 2022 ஜூலை 1 முதல் நவம்பர் 11 வரை தயாரான 12,566 எக்ஸ்.யு.வி.700, 6,618 ஸ்கார்பியோ-என் வண்டிகளை மகிந்திரா அழைத்தது. இவை மேனுவல் கியர் வண்டிகள். கிளட்ச் இருக்கும் பெல் ஹவுசிங்குக்குள் உள்ள ரப்பர் உறையின் அளவில் பிசகு. உதிரிபாகம் தந்த ஆலையில் பொறுக்கிப் பிரித்ததில் தவறு நேர்ந்தது என்று நிறுவனமே காரணம் சொன்னது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடம் கோணல்தான் என்று கட்டியவரே எழுதிக் கொடுத்துவிட்டார். நம் கட்டுரையாளர் இன்னும் ஆடுகிறவளை வைதுகொண்டிருக்கிறார்.

ஓட்டுநர் மேல் பழி போடுவது நம் ஊர்ச் சரக்கும் இல்லை. ஆஸ்திரேலியாவில் ஃபோர்டு நிறுவனம் ஃபியெஸ்டா, ஃபோகஸ், ஈகோஸ்போர்ட் வண்டிகளில் ‘பவர்ஷிஃப்ட்’ என்ற இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக்கை வைத்து விற்றது. வண்டி உதறுகிறது என்று வாடிக்கையாளர்கள் வந்து நின்றபோது, உங்கள் ஓட்டும் முறைதான் காரணம் என்று பலரைத் திருப்பி அனுப்பியது. குறை எங்கே இருக்கிறது என்று நிறுவனத்துக்குத் தெரிந்திருந்தது. 2018இல் அங்கே ஃபெடரல் நீதிமன்றம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. அபராதம் குறை இருந்ததற்காக அல்ல, குறையோடு வந்தவர்களை நடத்திய விதத்துக்காக. கட்டுரையாளர் இங்கே எழுதியிருப்பதை அங்கே ஒரு கம்பெனி வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்லி, காசும் கட்டிவிட்டு வந்திருக்கிறது.

இன்னும் பழைய கதை ஒன்று. 1970களில் அமெரிக்காவில் ஃபோர்டு வண்டிகள் ‘பார்க்’கில் நிறுத்தப்பட்டிருக்கும்போதே ‘ரிவர்ஸ்’ஸில் நழுவி ஆட்களை ஏற்றிக் கொல்கின்றன என்று புகார்கள் குவிந்தன. 1980 டிசம்பரில் அரசோடு பேசி முடித்த தீர்வு என்ன தெரியுமா? சுமார் 2.3 கோடி வண்டிகளின் உரிமையாளர்களுக்குத் தபாலில் ஆளுக்கொரு ஸ்டிக்கர். டாஷ்போர்டில் ஒட்டிக்கொள்ளுங்கள், இறங்குமுன் ‘பார்க்’கில் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கியர் பாக்ஸைத் தொடவில்லை. பொறுப்பு மட்டும் கை மாறியது.

ஆடி 5000 விவகாரத்தை அவர் தமக்கு ஆதரவாக இழுத்திருக்கிறார். வண்டி தானாகப் பாய்கிறது என்று 1980களில் எழுந்த புகார்களை ஆராய்ந்து, பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததே பெரும்பாலும் காரணம் என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 1989இல் சொன்னது உண்மை. அதோடு கட்டுரையை நிறுத்திக்கொண்டார். ஆடி நிறுவனம் அதற்கு முன்பே, 1987இல், சுமார் இரண்டரை லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்து, பிரேக்கை மிதித்தால்தான் ‘பார்க்’கிலிருந்து கியர் நகரும்படி ஒரு பூட்டைப் பொருத்தியது. இன்று நம் ஊரில் ஓடும் டார்க் கன்வெர்ட்டர், சி.வி.டி. வண்டிகளில் அந்தப் பூட்டு சாதாரணமாக இருக்கிறது. தவறு ஓட்டுநருடையது என்றே வைத்துக்கொண்டாலும் திருத்தியது வண்டியைத்தான். அவர் எடுத்துப் போட்ட சாட்சி நம் பக்கம் பேசிவிட்டுப் போகிறது.

அதையும் மறந்துவிட்ட நிறுவனங்கள் உண்டு. ஜீப் கிராண்ட் செரோக்கியில் வைத்த கியர் குச்சி, எந்த கியரில் போட்டாலும் தானாகத் திரும்பி நடுவில் வந்து நிற்கும். ‘பார்க்’கில் விழுந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியாது. 2016 ஏப்ரலில் 11 லட்சம் வண்டிகளுக்கு ரீகால் அறிவித்தார்கள். ஜூன் 19 அன்று நடிகர் ஆன்டன் யெல்சின் தம் வீட்டு வாசல் சரிவில் தம்முடைய ஜீப்பே உருண்டுவந்து நசுக்கி இறந்தார். அவருக்கு 27 வயது. வண்டி ரீகால் பட்டியலில் இருந்தது. திருத்தம்தான் வந்து சேரவில்லை.

அறிவிப்புக்கும் திருத்தத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தூரத்தைத்தான் கம்பெனிகளின் நல்ல மனசைப் பற்றி எழுதுகிறவர்கள் கணக்கில் எடுப்பதே இல்லை. 2021இல் மகிந்திரா 29,878 பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2020 ஜனவரிக்கும் 2021 பிப்ரவரிக்கும் இடையில் தயாரானவை, திரவக் குழாய் பொருத்தியதில் சந்தேகம். பிக்கப் என்றால் கல்வராயனில் மரவள்ளி இறங்குவதும் சரக்கு ஏறுவதும் அதில்தான். மலையில் ஓடும் பிக்கப் பெரும்பாலும் இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டி. ஆர்.சி. இன்னும் சேலத்துக்காரர் பேரில் இருக்கும், ஃபைனான்ஸ் ஒருத்தர் பேரில் ஓடும், கம்பெனி கணினியில் இருப்பது முதலில் வாங்கியவரின் பழைய போன் நம்பர். கடிதம் அவருக்குப் போகும். வண்டி சேராப்பட்டு ஏறும். இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. நாங்கள் அறிவித்துவிட்டோம் என்று கம்பெனி சொல்லும். சொன்னது பொய்யுமல்ல.

சட்டம் இருக்கிறதே என்கிறார். இருக்கிறது. 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் 110-ஏ பிரிவு சேர்ந்தது, 2021 ஏப்ரல் முதல் விதிகள் அமலுக்கு வந்தன. அதுவரை 2012 முதல் கம்பெனிகள் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறிமுறை மட்டுமே. ஆனால் விதிகளைப் படித்தாரா என்பது சந்தேகம். ஏழு ஆண்டுக்குள் உள்ள வண்டிகளுக்கே அவை பொருந்தும். ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கு மேல் விற்கும் எஸ்.யு.வி. ரகம் என்றால், கட்டாய ரீகாலுக்கு ஒரே குறையைப் பற்றி ஆயிரத்துக்கும் மேல் புகார் அரசின் இணையதளத்தில் பதிவாகியிருக்க வேண்டும். சிக்னல் தேடி மேட்டில் ஏறி நின்று போன் பேசுகிற ஊர்க்காரரிடம் போய் இதைச் சொல்லிப் பாருங்கள். ஏழு ஆண்டுக் கணக்கு இன்னும் மோசம். ஃபோர்டு எஃப்-150 டிரக்குகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே திடீரென முதல் கியருக்கு இறங்கிவிடுகின்றன என்று 2024 ஜூனில் அமெரிக்காவில் சுமார் 5.5 லட்சம் வண்டிகளை அழைத்தார்கள். வேக சென்சாரின் தகவல் கணினிக்குப் போய்ச் சேராமல் அறுந்துவிடுவதுதான் கோளாறு. ஈரச் சாலையில், வளைவில் அப்படி நடந்தால் பின் சக்கரம் பூட்டிக்கொண்டு வண்டி பக்கவாட்டில் போகும். அந்த டிரக்குகள் 2014 மாடல். அப்போதே பத்து வயது. நம் விதிப்படி பார்த்தால் அவை கட்டாய ரீகாலின் எல்லைக்கு வெளியே நிற்கும்.

நிபுணர் அறிக்கை இல்லாமல் கம்பெனியைக் குறை சொல்லக்கூடாது என்று ஒரு வரி எழுதியிருக்கிறார். கிரெட்டா விபத்தில் ஏர்பேக் விரியாத வழக்கில் 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தைத் தூக்கிப் போட்டுவிட்டது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போட்டுக் காட்ட வாடிக்கையாளர் இயற்பியல் நிபுணராக இருக்க வேண்டியதில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

தொழில் கெட்டுவிடும் என்ற பயத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். ராயல் என்ஃபீல்டு 2021இல் 2,36,966 மோட்டார் சைக்கிள்களை இக்னிஷன் காயிலுக்காகத் திரும்ப அழைத்தது. புல்லட் வாங்குவதை யாரும் நிறுத்தவில்லை. ரீகால் அறிவித்த கிரெட்டாவும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறது. ஃபோர்டு மறைமலை நகர் ஆலையை மூடுவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தபோது சொன்ன காரணம் நஷ்டம். வாடிக்கையாளர் புகாரால் மூடுகிறோம் என்று அவர்கள்கூடச் சொல்லவில்லை.

மலையில் எத்தனை ஆட்டோமேட்டிக் இருக்கிறது என்ற கேள்விதான் கட்டுரையிலேயே அசிங்கமானது. சனி, ஞாயிறு ஆனால் பெரியார் அருவிக்கும் மேகம் அருவிக்கும் கீழிருந்து ஏறி வரும் வண்டிகளில் ஆட்டோமேட்டிக் எத்தனை என்று வெள்ளிமலைச் சாலையோரம் நின்று எண்ணிப் பார்க்கட்டும். சரிவில் நிறுத்திய வண்டி உருண்டால், கீழே நடந்து போகிறவர் அதன் சொந்தக்காரராக இருக்க வேண்டும் என்று விதி இல்லை. விறகுச் சுமையோடு வரும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு சி.வி.டி. என்றால் என்ன என்று தெரிய வேண்டியதும் இல்லை.

போக்குவரத்துத் துறைக்கு ஒரு கோரிக்கை. சரக்கு வண்டிகள் எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்கு (எஃப்.சி.) வருகின்றன. சொந்த வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் புதுப்பிப்பும் புகைச் சான்றும் இருக்கின்றன. எல்லாம் கணினியில் ஏறுகிறது. சேசிஸ் எண்ணைத் தட்டும்போதே அந்த வண்டிக்கு முடிக்காத ரீகால் இருக்கிறதா என்று திரையில் காட்டினால் போதும். அதன்பின் யார் பேரில் ஆர்.சி. இருந்தாலும், வண்டியை ஓட்டி வந்தவர் கையிலேயே தகவல் போய்ச் சேரும். ஜெர்மனியில் கட்டாய ரீகாலுக்குப் போகாத வண்டியின் பதிவையே முடக்கிவிட முடியும். அவ்வளவு தூரம் நாம் போக வேண்டாம், முதலில் சொல்லிவிடுவோம். கள்ளக்குறிச்சி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலேயே இதைத் தொடங்கலாம். அதுவரை, வண்டி வைத்திருப்பவர்கள் ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் எண்ணை எடுத்துக்கொண்டு கம்பெனியின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ கேளுங்கள். வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.