புள்ளைய மட்டும் க்ளாசுக்கு அனுப்பாதீங்க, நீங்களும் போய் உக்காருங்க

1/
ரெண்டு வயசுப் புள்ளைக்கு ப்ளே ஸ்கூல் ஃபீஸ் கட்டிட்டு கேட்லயே டாட்டா காட்டிட்டு வர்ற பெற்றோருக்கும், சத்துமாவு பாக்கெட் குடுத்ததோட கடமை முடிஞ்சுதுன்னு நினைக்கிற அரசுக்கும் சேர்த்துதான் இந்த த்ரெட். கொஞ்சம் நீளம். கோவமும் இருக்கும். பொறுமையா படிங்க.

2/
நேரா விஷயத்துக்கு வர்றேன். மூணு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்கு ஏபிசிடி சொல்லித் தர்ற வகுப்பு தேவையில்ல. தேவைப்படுறது, அம்மாவோ அப்பாவோ பாட்டியோ குழந்தைய மடியில வச்சுக்கிட்டு கூடவே உக்கார்ற வகுப்பு. வாரத்துக்கு ஒரு மணி நேரம். அவ்வளவுதான் நான் கேக்கறது.

3/
அதுல என்ன நடக்கும்? எட்டு பத்து குடும்பம் ஒரு பாய்ல உக்காருவாங்க. ஒரு கரண்டி, ஒரு தட்டு, காலி டப்பா, ரெண்டு மூடி. குழந்தை டப்பாவ தட்டும், நீங்களும் தட்டணும். "ஆ"ன்னு சொல்லும், நீங்க பதில் சொல்லணும். ஒரு பொருள துணிக்கு அடியில ஒளிச்சு வச்சு தேட விடுவீங்க. பாட்டு, கதை, படம் பாத்து பேச்சு.

4/
"இதுக்கெல்லாம் ஒரு க்ளாஸா?"ன்னு சிரிக்காதீங்க. ரெண்டு வயசுக்குள்ள குழந்தையோட மூளை பெரியவங்க மூளை அளவுல 80 சதவீதம் வளர்ந்துடும். அதுக்கு சாப்பாடு எவ்வளவு முக்கியமோ, முகத்தப் பாத்து பேசற ஒரு மனுஷரும் அவ்வளவு முக்கியம். குழந்தை ஒண்ணு சொல்ல, நீங்க திருப்பி ஒண்ணு சொல்லணும். அந்த வேலைய ஃபோன் செய்யாது.

5/
ஆதாரம் கேப்பீங்க, கேக்கணும். 1986-87ல ஜமைக்காவோட கிங்ஸ்டன் நகரத்துல, வயசுக்கேத்த உயரம் இல்லாத 129 ஏழைக் குழந்தைகள எடுத்துக்கிட்டு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. சிலருக்கு சத்துணவு மட்டும். சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய், வீட்டுல கிடைக்கிற சாமான்ல பொம்மை செஞ்சு, அம்மாவும் குழந்தையும் சேர்ந்து விளையாடப் பழக்கினாங்க. சிலருக்கு ரெண்டும். சிலருக்கு எதுவும் இல்ல. இப்படி ரெண்டு வருஷம்.

6/
அந்தக் குழந்தைங்க 22 வயசானதும் போய்ப் பாத்தாங்க. விளையாட்டுப் பயிற்சி கிடைச்சவங்க, கிடைக்காதவங்கள விட சுமார் 25 சதவீதம் கூடுதலா சம்பாதிச்சாங்க. உயரக் குறைவே இல்லாம வளர்ந்த புள்ளைங்களோட சம்பளத்த எட்டிப் பிடிச்சாங்க. சத்துணவு மட்டும் வாங்கினவங்ககிட்ட அந்த வித்தியாசம் தெரியல. 2014ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த ஆய்வு இது.

7/
உடனே "அப்போ சத்துமாவு வேண்டாமா டாக்டர்?"னு ஆரம்பிக்காதீங்க. மாவு கண்டிப்பா வேணும். பசிக்கிற குழந்தை விளையாடாது. மாவோட நிறுத்திட்டீங்களேன்னுதான் கேக்கறேன்.

8/
ஜமைக்கா தூரம், அதுவும் வீட்டுக்குப் போய் சொல்லித் தந்ததுன்னு சொல்வீங்க. சரி, ஒடிசாவுக்கு வாங்க. அங்க 192 கிராமத்துல இதையே ரெண்டு விதமா செஞ்சு பாத்தாங்க. சில ஊர்ல வீடு வீடா போனாங்க, சில ஊர்ல அம்மாக்களையும் குழந்தைகளையும் வாராவாரம் குழுவா உக்கார வச்சாங்க. ரெண்டுலயுமே குழந்தைகளோட அறிவு வளர்ச்சியும் பேச்சும் முன்னேறுச்சு. குழு வகுப்புக்கு செலவு ரொம்பக் கம்மி. 2020ல முடிவு வெளியாச்சு. இதவிடப் பக்கத்துல எந்த ஊர் ஆதாரம் வேணும்?

9/
இப்ப என் கதை. இத எழுத எனக்கு வெக்கமா இருக்கு. ஆனா எழுதணும்.

வேலைக்கு சேர்ந்த புதுசு. ஓபியில 150 பேர் வரிசை. ரெண்டரை வயசுப் பையனத் தூக்கிட்டு ஒரு அம்மா. "இன்னும் பேச மாட்டேங்கறான் மேடம்." கூட வந்த பாட்டி, "இவங்கப்பனும் லேட்டாதான் பேசினான்"னு சொன்னாங்க. நானும், "ஆம்பளப் புள்ள, பேசிடுவான்மா"ன்னு சொல்லி வைட்டமின் சிரப் எழுதிக் குடுத்து அனுப்பிட்டேன்.

10/
ஒன்றரை வருஷம் கழிச்சு அதே அம்மா வந்தாங்க. கையில காது பரிசோதனை ரிப்போர்ட். ரெண்டு காதும் கேக்கல. "நீங்கதானே மேடம் பேசிடுவான்னு சொன்னீங்க." திட்டல, அழல. இத மட்டும் சொன்னாங்க. எனக்கு பதில் இல்ல. இன்னிக்கும் இல்ல.

11/
காதுக்குள்ள கருவி வைக்கிற ஆபரேஷன் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல, ஆறு வயசுக்குள்ள இருக்கற குழந்தைகளுக்கு இலவசமாவே கிடைக்குது. அந்தப் பையனுக்கும் செஞ்சாங்க. பேசறான். ஆனா எவ்வளவு சீக்கிரம் வைக்கிறோமோ அவ்வளவு பலன். அவனோட ஒன்றரை வருஷத்த நான் தொலைச்சேன்.

12/
இதுக்கும் க்ளாசுக்கும் என்ன சம்பந்தம்? பாய்ல எட்டு குழந்தை உக்காந்திருக்கு. யாரோ தட்டு மேல கரண்டிய கீழ போடறாங்க. ஏழு குழந்தை திரும்பிப் பாக்குது. ஒண்ணு பாக்கல. அத டாக்டர் கண்டுபிடிக்கணும்னு அவசியமே இல்ல. பக்கத்துல உக்காந்திருக்கற அம்மாவே கண்டுபிடிப்பாங்க. அந்தப் பையன் பத்து மாசத்துல மாட்டியிருப்பான். நாலு வயசு வரைக்கும் போயிருக்காது.

13/
"எங்க அம்மா எந்த க்ளாசுக்குப் போய் எங்கள வளர்த்தாங்க?" கமெண்ட்ல இது வரும்னு தெரியும். உங்க அம்மாவுக்கு அந்த க்ளாஸ் வீட்டுத் திண்ணையிலயே நடந்துச்சு. மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அக்கா, கூட வளர்ற நாலஞ்சு வாண்டுங்க. இன்னிக்கு வாடகை வீட்டு ரெண்டாவது மாடியில ஒரு பொண்ணு, ஒரு கைக்குழந்தை, ஒரு ஃபோன். புருஷன் வர ராத்திரி ஒன்பது மணி. அந்தத் திண்ணையதான் திருப்பிக் கேக்கறேன்.

14/
இதுல அந்தப் பொண்ணோட நன்மையும் இருக்கு. பிரசவத்துக்கு அப்புறம் மனச்சோர்வுல இருக்கற எத்தனையோ பேர் "உடம்பு வலி"ன்னு சொல்லிதான் ஓபிக்கு வர்றாங்க. வாரம் ஒரு நாள், தன்னை மாதிரியே தூங்காத கண்ணோட இருக்கற இன்னும் ஏழு பேரப் பாக்கறது சின்ன விஷயம் இல்ல.

15/
"இது அம்மாக்கள குத்தம் சொல்றது." இல்லவே இல்ல. அப்பாக்களே, உங்களத்தான் தேடிட்டு இருக்கேன். தடுப்பூசிக்கு வந்தா பைக்க விட்டு இறங்காம வெளியவே நிக்கறீங்க. உள்ள வாங்க. டப்பா தட்ட ஆம்பளைக்கும் கை இருக்கு.

16/
"பேசலேன்னா ஃபோன்தான் காரணம்"னு நீங்களா முடிவு கட்டவும் வேண்டாம். ரெண்டு வயசு வரைக்கும் ஸ்க்ரீனே வேண்டாம்னு உலக சுகாதார நிறுவனம் 2019லயே சொல்லிடுச்சு, அது சரி. ஆனா காது, ஆட்டிசம்னு பாக்க வேண்டியது நிறைய இருக்கு. ஒரு வயசுல பேர் சொல்லி கூப்பிட்டா திரும்பலயா? ஒன்றரை வயசுல ஒரு வார்த்தை கூட வரலயா? ரெண்டு வயசுல ரெண்டு வார்த்தை சேர்த்து சொல்லலயா? காத்திருக்காதீங்க. "பேசிடும்"னு எந்த டாக்டர் சொன்னாலும், நானே சொன்னாலும், காது டெஸ்ட் எழுதிக் கேளுங்க.

17/
இப்ப அரசுக்கு. சென்னையில வசதியான அப்பார்ட்மெண்ட் பக்கம் போய்ப் பாருங்க, அம்மாவும் குழந்தையும் சேர்ந்து வர்ற வகுப்பு காசுக்கு விக்குது. அதோட அருமை தெரிஞ்சவங்க வாங்கறாங்க. அதே வயசு ஏழைக் குழந்தையோட அம்மாவுக்கு ஒரு பாக்கெட், ஒரு கையெழுத்து. இதுக்குப் பேர் என்ன, நீங்களே சொல்லுங்க.

18/
புதுசா கட்டடம் கட்ட வேண்டாம். அங்கன்வாடி திட்டம் 1975லயே வந்தாச்சு. ஆறு வயசு வரைக்குமான குழந்தைங்க அதுக்குள்ள வர்றாங்க. ஆனா நடைமுறையில மூணு வயசுக்கு மேலதான் பால்வாடியில உக்கார்றாங்க. மூளை வேகமா வளர்ற மூணு வயசுக்குள்ள, மாவு வாங்க மட்டும் வர்றாங்க. அந்த நாள்ல ஒரு மணி நேரம் பாய் விரிங்க. புதன்கிழமை தடுப்பூசிக்கு வர்றவங்க ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் எப்படியும் உக்காரணும். அந்த அரை மணி நேரத்த ஏன் வீணாக்கறோம்?

19/
ஆனா ஒண்ணு. இத பால்வாடி டீச்சர் தலையில கட்டி, அதுக்கு இன்னொரு ரெஜிஸ்டர், இன்னொரு ஆப், இன்னொரு ஃபோட்டோன்னு கேட்டீங்கன்னா செத்துடும். காலியிடத்த நிரப்புங்க. பயிற்சி குடுங்க. கூலி வேலைக்குப் போற அம்மாவுக்கு சாயங்காலமோ ஞாயித்துக்கிழமையோ வைங்க. பகல் பதினோரு மணிக்கு வச்சுட்டு "ஆள் வரல"ன்னு ரிப்போர்ட் எழுதாதீங்க.

20/
உங்களுக்கு. வகுப்பு வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தெருவுல ஒரே வயசுக் குழந்தை வச்சிருக்கற நாலு வீடு இருக்கும். வாரம் ஒரு நாள் ஒரு வீட்டு வாசல்ல உக்காருங்க. ஃபோன உள்ள வச்சுடுங்க. தடுப்பூசி அட்டைய எடுத்து வாசிங்க. ஊசி தேதி மட்டும் இல்ல, எந்த மாசத்துல குழந்தை என்ன செய்யணும்னு அதுல படத்தோட இருக்கு. சந்தேகம் இருந்தா டிஇஐசி எங்க இருக்குன்னு மாவட்ட அரசு மருத்துவமனையில கேளுங்க, அங்க இலவசமா பாப்பாங்க.

21/
அப்புறம் உங்க ஊர் பால்வாடியில போய், "மூணு வயசுக்குள்ள இருக்கறவங்களுக்கு எங்களோட சேர்த்து எப்ப வகுப்பு வைப்பீங்க?"ன்னு கேளுங்க. கிராமசபையில எழுதிக் குடுங்க. ஒருத்தர் கேட்டா சிரிப்பாங்க. இருபது பேர் கேட்டா பாய் விரிப்பாங்க.

22/
அந்தப் பையன் இப்ப ஸ்கூல் போறான். பாத்தா வணக்கம் சொல்வான், கொஞ்சம் குழறும். ஒவ்வொரு தடவையும் அந்த ஒன்றரை வருஷம் என் காதுல கேக்கும். உங்க ஊர்ல இன்னொரு குழந்தைக்கு அது நடக்கக் கூடாது. கைக்குழந்தை இருக்கற வீட்டுக்கு இத அனுப்புங்க.