அந்த நாலு பேர் யாருங்க?

"நாலு பேர் என்ன சொல்வாங்க?"

தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும். அந்த நாலு பேரை யாரும் பார்த்ததில்லை. ஆனால் அவர்களுக்குப் பயந்துதான் பெண்ணின் படிப்பு பாதியில் நிற்கிறது, வட்டிக்குக் கடன் வாங்கி ஆடம்பரமாகக் கல்யாணம் நடக்கிறது, மனசுக்குப் பிடித்தவனை விட்டுவிட்டு வேறு யாருக்கோ கழுத்தை நீட்ட வேண்டி வருகிறது.

இந்தப் பயத்துக்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் உண்டு. "ஊர் பேசுமேங்கிற பயம் இருக்கறதாலதான் மனுஷன் ஒழுங்கா இருக்கான்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. உண்மையா?

பூந்தமல்லி, திருமழிசை தாண்டினால் குத்தம்பாக்கம். ஒரு காலத்தில் கள்ளச்சாராயத்துக்கும் சாதிச் சண்டைக்கும் பேர்போன ஊர். சாராயம் காய்ச்சுவது ஊருக்குத் தெரியாத ரகசியமா என்ன? தெரியும். பேசவும் செய்திருப்பார்கள். அந்தப் பேச்சால் சாராய அடுப்பு அணைந்துவிடவில்லை. எல்லா ஊரிலும் இதே கதைதான். குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடிப்பவன் நிமிர்ந்து நடப்பான். ஷிஃப்ட் முடிந்து ராத்திரி பத்து மணிக்குக் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண் தலையைக் குனிந்துகொண்டு நடப்பாள். ஊர்ப்பேச்சு தப்பு செய்தவனைத் தண்டிப்பதில்லை, இளைத்தவரைத்தான் தண்டிக்கிறது!

சாதிக்கும் இந்தப் பயம்தான் காவல். "எனக்கு சாதியெல்லாம் கிடையாதுங்க, சொந்தக்காரங்க என்ன சொல்வாங்கன்னுதான் பார்க்கிறேன்" என்று சொல்லாதவர் யார்? அந்தச் சொந்தக்காரரைப் போய்க் கேட்டால் அவரும் இதையேதான் சொல்வார். ஆளாளுக்கு அடுத்த வீட்டைக் கைகாட்டினால், அந்த நாலு பேர் வேறு யார்? கைகாட்டுகிற இவர்களேதான்!

இது வெறும் சங்கடத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. 2012 நவம்பரில் தர்மபுரியில் மகளின் சாதி மறுப்புத் திருமணத்துக்காகச் சாதிக்காரர்கள் ஏசியதைத் தாங்க முடியாமல் ஒரு தகப்பன் தற்கொலை செய்துகொண்டார் என்று செய்திகள் வந்தன. அன்றே நத்தம் காலனியும் பக்கத்துக் காலனிகளும் எரிந்தன. 200-க்கும் மேற்பட்ட தலித் வீடுகள் நாசம். வெறும் பேச்சுதானே என்று யாராவது சொன்னால் இதை நினைத்துப் பார்க்கட்டும்.

சரி, இதற்கு என்னதான் வழி? "யார் பேச்சையும் கேட்காதே, தைரியமாக இரு" என்று புத்தி சொல்வது சுலபம். தனி ஆள் எத்தனை நாள் தைரியமாக இருக்க முடியும்? பதில் அதே குத்தம்பாக்கத்தில் இருக்கிறது.

1996-ல் அங்கே ஊராட்சித் தலைவரானவர் இளங்கோ ரங்கசாமி. அதே ஊரில் தலித் குடும்பத்தில் பிறந்த இரசாயனப் பொறியாளர். விஞ்ஞானி வேலையை உதறிவிட்டு ஊர் திரும்பியவர். அவர் காலத்தில் அங்கே சமத்துவபுரம் வந்தது. எல்லாச் சாதியினரும் ஒரே இடத்தில் 100 வீடுகளில் குடியிருக்க 1997-ல் தமிழக அரசு அறிவித்த திட்டம் அது. குத்தம்பாக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், 50 இரட்டை வீடுகளாகக் கட்டினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பம், அந்தப் பக்கம் வேறு சாதிக் குடும்பம். சுவர் இருவருக்கும் பொது.

இதில்தான் சூட்சுமம். ஒரே ஒரு குடும்பம் இப்படிக் குடிபோயிருந்தால் ஊர் அதைப் பேசியே விரட்டியிருக்கும். 50 ஜோடிக் குடும்பங்கள் சேர்ந்து போனால் யார் யாரைப் பேசுவது? சாதியே ஒழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் புறம் பேச ஆள் கிடைக்காத ஒரு தெருவை உருவாக்க முடியும் என்பது நிரூபணமானது.

இன்னொன்று. பக்கத்துத் தொழிற்சாலைகளில் மிஞ்சிய கிரானைட் கற்களை வைத்து மலிவாகக் கழிவுநீர்க் கால்வாய் கட்டியதற்காக, விதியை மீறினார் என்று இளங்கோ பதவியிலிருந்து இடைநீக்கம் செய்யப்பட்டார். அவர் வீட்டுக்குள் முடங்கவில்லை. விஷயம் கிராமசபைக்கு வந்தது, ஊர் கூடி அவர் பக்கம் நின்றது, இடைநீக்கம் ரத்தானது. முகத்துக்கு நேரே கேட்டால் பதில் சொல்லலாம். டீக்கடையில் முதுகுக்குப் பின்னால் பேசினால் யார் யாருக்குப் பதில் சொல்வது?

"கடைசியில தூக்கிட்டுப் போக நாலு பேர் வேணுமே" என்பார்கள். வேண்டும்தான், மனுஷனுக்கு மனுஷன் வேண்டும். அதற்காக உயிரோடு இருக்கும்போதே அவர்களுக்குப் பயந்து செத்துக்கொண்டிருக்க வேண்டுமா? வருஷத்துக்கு ஆறு முறை கிராமசபை கூடுகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாலு பேருக்கும் சொல்ல ஏதாவது இருந்தால் அங்கே வந்து, எழுந்து நின்று, பேரைச் சொல்லிவிட்டுப் பேசட்டும். மற்றதுக்கெல்லாம் எதற்குப் பயப்பட வேண்டும்?