மணம் மட்டும் மிச்சம்

தில்லிக்கு வந்த புதிதில் கும்பகோணத்திலிருந்து எம் தாயார் காப்பித் தூள் அனுப்புவார்கள். சிக்கரி கலவாத பீபெரி. கையால் வறுத்து அரைத்தது. பித்தளை வடிகட்டியில் இறங்கும் அந்த முதல் டிகாக்ஷனை எங்ஙனம் மறப்போம்?

இன்று அத்தூளின் விலையைக் கேட்டாலே உறக்கம் கலைந்துவிடுகிறது. 2024-இல் பிரேஸிலில் மழை பொய்த்தது; 2025 பிப்ரவரியில் உலகச் சந்தையில் அராபிகா விலை வரலாறு காணாத உச்சத்தை எட்டிற்று. குடகுக் கொட்டையும் கூடவே ஏறியது. மலிவான பொட்டலத்திலோ நூற்றுக்கு 49 பங்குவரை சிக்கரி சேரச் சட்டமே இடமளிக்கிறது. (அதையும் காப்பி என்றே அழைத்துக்கொள்கிறோம்!)

போதாக்குறைக்கு, வைத்தியர் எமக்குக் காப்பியையே விலக்கிவிட்டார். மாலையில் வீட்டார் டபராவில் ஆற்றுகையில் அருகே அமர்ந்து மணத்தை நுகர்கிறோம். அதற்கு அவர் தடை சொல்லவில்லை.